அடினியம் வாங்கப் போகிறீர்களா? பூவை அப்புறம் பாருங்கள், முதலில் அடியைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: பூத்துக் குலுங்கிய அடினியம் (பாலைவன ரோஜா) செடி ஒன்றை ஆசையாக வாங்கி வந்தேன். தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். ஒரே மாதத்தில் இலையெல்லாம் கொட்டி, பருத்த அடித்தண்டு கொழகொழவென்று ஆகிவிட்டது. கெட்ட செடியை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: செடி நல்லதாகவே இருந்திருக்கலாம். கெடுத்தது பெரும்பாலும் அந்தத் தினசரித் தண்ணீர்தான். சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட நிலங்களும் கிழக்கு ஆப்பிரிக்காவும் அரேபியத் தீபகற்பமும் அடினியத்தின் சொந்த மண். மழை பெய்யும்போது குடித்ததை அடித்தண்டில் சேர்த்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிற செடி அது. வேர் எப்போதும் ஈரத்திலேயே இருந்தால் அழுகிவிடும். விற்பனைக்கு வரும் செடிகள் பல வெறும் கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில், நட்டவை. மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். வாங்கி வந்ததும் மண் கலவையை மாற்றுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். பாதிக்கு மேல் பருமணலோ பெர்லைட்டோ (எடை குறைந்த வெள்ளைப் பொரிகல்) உடைத்த செங்கல் துண்டோ இருக்கட்டும். விரலை விட்டுப் பார்த்து உள்ளேயும் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.

உங்கள் செடியை இப்போதே பிடுங்கி, வேரைக் கழுவிப் பாருங்கள். அழுகலைச் சுத்தமான கத்தியால், பழுப்பு நிறம் போய்ச் சதை வெளுப்பாகத் தெரியும் வரை வெட்டி எடுங்கள். வெட்டிய இடம் நன்றாகக் காயும் வரை நிழலில் வையுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை. பிறகு காய்ந்த கலவையில் நட்டு, சில நாள் கழித்துத் தண்ணீர் காட்டலாம். அழுகல் மேலே ஏறாமல் அடியிலேயே நின்றிருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று: அடித்தண்டு மெத்தென்று இருந்தாலே அழுகல் என்று நினைக்க வேண்டாம். மண் வறண்டு, தண்டு முழுக்க ஒரே மாதிரிச் சுருங்கியிருந்தால் அது தாகம், தண்ணீர் கிடைத்ததும் தேறிவிடும். மண் ஈரமாக இருந்து, ஒரு பக்கம் மட்டும் விரல் அமுங்கினால் அதுதான் அழுகல். கடையிலும் இப்படி அமுக்கிப் பார்த்தே வாங்குங்கள். இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி இருந்தால் அந்தச் செடி வேண்டாம்.

கேள்வி: ஒட்டுச்செடி வாங்குவதா, விதையிலிருந்து வளர்த்த செடி வாங்குவதா?

பதில்: குறிப்பிட்ட நிறமோ அடுக்குப் பூவோ வேண்டுமென்றால், ஒரு செடியின் அடித்தண்டில் வேறொரு செடியின் கிளையை ஒட்டி வளர்த்த ஒட்டுச்செடிதான். விதைச்செடி தாயைப் போலவே பூக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. ஒட்டுச்செடியில் தண்டின் மேல் ஒட்டிய தழும்பு தெரியும். அதற்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் கீழ்ச்செடி வளர்ந்து மேலே உள்ளதை அமுக்கிவிடும். நிறம் எதுவானாலும் சரி, பானை போன்ற அழகான அடிதான் வேண்டும் என்றால் விதைச்செடி வாங்குங்கள். கிளையை வெட்டி நட்ட செடியில் அந்த அடி அவ்வளவு எளிதில் திரளாது. எது வாங்கினாலும் தினம் 6 மணி நேர வெயில் கிடைக்கும் இடம் இல்லையென்றால் பூவை எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: இணையத்தில் நீல நிற அடினியம் விதை விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீலப் பூ பூக்கும் அடினியம் கிடையாது, அந்தப் படம் நிறம் மாற்றியது. கறுப்பு என்று விற்பதும் அடர் சிவப்புதான். படத்தைக் காட்டி ஆசையைத் தூண்டி விற்கிறார்கள், முளைத்துப் பூக்கும்வரை காத்திருந்து ஏமாறுவது நாம். நல்ல நிற விதையானாலும், பறித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள். புது விதை ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், பழசாக ஆக முளைப்பு குறையும்.

கேள்வி: வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. வைக்கலாமா?

பதில்: எட்டாத உயரத்தில் வைக்க முடிந்தால் மட்டும். இது அரளியின் குடும்பம், பால் நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவ இதன் சாற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நாய், பூனைக்கும் ஆகாது. கிளை வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வெட்டிய துண்டுகளைத் தரையில் விட்டுவிடாதீர்கள்.