அறிவியல் வினா – விடை: படிப்படியாக ஏறும் வாய்ப்பும் ஒரே தாவலில் மாறும் விளைவும்

வினா: சதுரச் சாலகமொன்றில் (கட்டத்தாள் போன்ற புள்ளி வலையில்) அடுத்தடுத்த புள்ளிகளை இணைக்கும் ஒவ்வொரு கோட்டையும் நாணயஞ் சுண்டுவதுபோல் எழுமாறாகத் திறந்தோ மூடியோ வைத்தால், திறக்கும் நிகழ்தகவு 1/2 ஐத் தாண்டும்வரை முடிவிலியாக நீளும் பாதை எங்குமே இராது என்றும், தாண்டியதும் அது நிச்சயமாக இருக்கும் என்றும் படித்தேன். நிகழ்தகவு சிறிது சிறிதாகக் கூடும்போது விளைவும் அப்படித்தானே கூட வேண்டும்? (கணித ஆசிரியர், கோப்பாய்)

விடை: முடிவுள்ள சாலகத்தில் நீங்கள் சொல்வதே சரி. உயர்தரப் பௌதிகத்தில் வரும் வீட்ஸ்டன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வனோமானி இருக்கும் கிளையையும் சேர்த்து அதில் ஐந்து கிளைகள். ஒவ்வொன்றும் திறந்தோ (அதாவது மின் செல்ல வழிவிட்டோ) மூடியோ இருக்கலாமாதலால் மொத்தம் 32 நிலைகள். மின்கலம் இணையும் இரு முனைகளுக்கும் இடையே வழி கிடைக்கும் நிலைகளைத் தாளில் எண்ணிப் பாருங்கள்: இரண்டு கிளைகள் மட்டும் திறந்தவை 2, மூன்று திறந்தவை 8, நான்கு திறந்தவை 5, ஐந்தும் திறந்தது 1, ஆக 16. அதாவது திறப்பு நிகழ்தகவு 1/2 ஆகும்போது வழி கிடைக்கும் நிகழ்தகவும் மிகச் சரியாக 1/2. திறப்பு நிகழ்தகவை மாற்றினால் விடை ஒரு பல்லுறுப்பிக் கோவையின் வழியே ஒழுங்காக ஏறி இறங்குமேயன்றி எங்கும் தாவாது.

இந்த 1/2 தற்செயலாக வந்ததன்று. வரிசைகளைவிட நிரல்கள் ஒன்று கூடுதலாக உள்ள எந்தச் செவ்வகச் சாலகத்திலும், ஒன்றில் இடமிருந்து வலமாகத் திறந்த பாதை இருக்கும், அல்லது மூடிய கோடுகளை மட்டும் வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழாகச் செல்லும் பாதை இருக்கும். இரண்டும் சேர்ந்து இரா, இரண்டும் இல்லாமலும் போகா. வெட்டும் பாதைகள் செல்லும் சாலகமோ முதற் சாலகத்தைத் திருப்பி வைத்த அதே வடிவம். ஆகவே திறப்பு நிகழ்தகவு 1/2 ஆகும்போது இரண்டுக்கும் வாய்ப்புச் சமம்.

முடிவிலிச் சாலகத்தில் நிலைமை வேறு. முடிவிலிக் கொத்து, அதாவது திறந்த கோடுகளால் இணைந்த முடிவிலாப் புள்ளிக் கூட்டம், ஒன்று எங்காவது உண்டா என்ற வினாவின் விடை, எந்த ஆயிரம் கோடுகளை நாம் மாற்றினாலும் மாறுவதில்லை. ஒன்றையொன்று சாராத எண்ணற்ற எழுமாற்றுத் தெரிவுகளால் அமைந்தும், அவற்றுள் முடிவுள்ள எந்தத் தொகுதியையும் பொறுத்திராத இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு நிகழ்தகவு 0 அல்லது 1 ஆகவே இருக்க முடியும் என்பது கொல்மோகொரோவின் விதி. இடைப்பட்ட பெறுமானமே அனுமதிக்கப்படாதபோது, ஏறுவதற்குத் தாவுவதைத் தவிர வேறு வழியில்லை. தாவல், திறப்பு நிகழ்தகவு 0 ஆகவோ 1 ஆகவோ இருக்கும்போதல்லாமல், நடுவில்தான் நிகழும் என்பதை எளிதில் காட்டலாம். ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் பாதை, வந்த வழியே திரும்பாவிடில், முதலடிக்குப் பின் ஒவ்வோர் அடியிலும் அதற்கு அதிகம் போனால் மூன்று தெரிவுகள். ஆகவே திறப்பு நிகழ்தகவு 1/3 இற்குக் குறைந்தால், நீளம் கூடக் கூடத் திறந்த பாதைகளின் எதிர்பார்ப்பு எண்ணிக்கை பூச்சியத்தை அணுகும். வெட்டும் பாதைகளுக்கும் இதே கணக்கைச் செய்தால் 2/3 இற்கு மேலே முடிவிலிக் கொத்து உண்டென்பது கிடைக்கும். இடையிலுள்ள பகுதிதான் கடினமானது. 1/2 இல் முடிவிலிக் கொத்து இல்லை என்று கணிதவியலாளர் ஹரிஸ் 1960 இல் நிறுவினார். 1/2 ஐச் சற்றே தாண்டினாலும் உண்டு என்பதை ஹரி கெஸ்டன் நிறுவ 1980 ஆயிற்று.

உங்கள் உள்ளுணர்வுக்கும் இதில் இடம் உண்டு. ‘எங்காவது உண்டா’ என்பதற்கான விடைதான் தாவுகிறது. குறித்த ஒரு புள்ளி அந்தக் கொத்தில் அகப்படும் நிகழ்தகவு, தளத்தில் (இரு பரிமாணத்தில்), 1/2 இலிருந்து பூச்சியத்தில் தொடங்கித் தொடர்ச்சியாகவே ஏறுகிறது.

வினா: இரும்புக் காந்தம் 770 பாகை செல்சியசில் காந்தத்தன்மையை இழப்பதும் இதே கணக்குத்தானா? (உயர்தர மாணவி, கரவெட்டி)

விடை: நெருங்கிய கணக்கு, ஆனால் அதே கணக்கன்று. வில்ஹெல்ம் லென்ஸ் 1920 இல் முன்வைத்து, அவருடைய மாணவர் ஏர்ன்ஸ்ட் ஈசிங் ஆராய்ந்த மாதிரியில், ஒவ்வொரு புள்ளியிலும் மேலோ கீழோ நோக்கும் ஓர் அம்பு இருக்கும். அயல் அம்புகள் ஒரே திசையில் இருந்தால் சக்தி குறையும். எனவே இங்கே தெரிவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரு நேர்கோட்டில் எவ்வளவு நீண்ட துண்டைப் புரட்டினாலும் குழம்புவது அதன் இரு முனைகள் மட்டுமே என்பதால், தனிப்பூச்சியத்துக்கு மேற்பட்ட சிறு வெப்பமும் ஒழுங்கைக் குலைத்துவிடும். ஈசிங் 1925 இல் வெளியிட்ட இம்முடிவு சரி. முப்பரிமாணத்திலும் அவ்வாறே என்று அவர் கருதியது பிழை. தளத்தில் புரட்டப்பட்ட தீவொன்றின் சக்திச் செலவு அதன் கரையின் நீளத்தோடு கூடும். கரைகளின் எண்ணிக்கையும் நீளத்தோடு பெருகினாலும், தாழ்ந்த வெப்பநிலையில் செலவே வெல்லும் என்று றூடொல்ப் பயர்ல்ஸ் 1936 இல் காட்டினார். மேலே பாதைகளை எண்ணிய அதே உத்தி இது. சதுரச் சாலகத்துக்கான முழுத் தீர்வை லார்ஸ் ஒன்சாகர் 1944 இல் தந்தார். அயல் அம்புகளின் இடைத்தாக்கச் சக்தியை போல்ற்ஸ்மன் மாறிலியால் வகுத்து 2.269 ஆல் பெருக்கினால், ஒழுங்கு குலையும் அவதி வெப்பநிலை வரும். 770 என்ற எண்ணை இதிலிருந்து பெற முயலவேண்டாம். இரும்பு தளமுமன்று, அதன் அணுக்கள் இரு திசை மட்டும் அறிந்த அம்புகளுமல்ல.

வினா: நிலாவரைக் கிணற்றுக்கும் கீரிமலைக்கும் நிலத்தடியில் தொடர்பு உண்டு என்பார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல்லில் நீர் செல்லும் வழியை இக்கணிதம் சொல்லுமா? (வாசகர், புத்தூர்)

விடை: குறித்த இரு இடங்களுக்கிடையே வழி உண்டா என்பதைச் சொல்லாது, அது அளந்து பார்த்து அறியவேண்டியது. நுண்டுளைப் பொருளொன்றினுள் பாய்மம் ஊடுருவுவதற்கான மாதிரியாகவே புரோட்பென்ற்றும் ஹமர்ஸ்லியும் 1957 இல் முதல் வினாவில் வந்த சாலகக் கணக்கைத் தொடங்கினர் என்பது உண்மைதான். ஆயினும் சுண்ணக்கல்லின் குகைகள் நீர் கரைத்துக் கரைத்து உண்டாக்கியவை. ஒருமுறை திறந்த வழியே மேலும் அகலுமாதலால், ஒன்றையொன்று சாராத நாணயச் சுண்டல் அங்கே பொருந்தாது. அதைவிட, கல் முப்பரிமாணமானது. கனசதுரச் சாலகத்தில் முடிவிலிக் கொத்து தோன்றத் தொடங்கும் எல்லையான அவதி நிகழ்தகவு ஏறத்தாழ 0.2488 என்பது கணினிப் போலச்செய்தலால் கிடைத்த எண். அதற்கு அறியப்பட்ட சூத்திரம் இல்லை. அந்த எல்லையில் சரியாக நிற்கும்போது முடிவிலிக் கொத்து இராது என்றே எல்லோரும் நம்புகின்றனர். தளத்துக்கும், 11 அல்லது அதற்கு மேற்பட்ட பரிமாணங்களுக்கும் அது நிறுவப்பட்டாயிற்று. மூன்று பரிமாணத்துக்கு இன்னும் இல்லை.