மேசை இரவு முழுக்க உங்களுடையது: இத்தாலிய விருந்து, வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் 25-ஆவது திருமண நாளுக்கு ஃபிளாரன்ஸ் போகிறோம். பாரம்பரிய உணவகம் ஒன்றில் இரவு விருந்து சாப்பிட ஆசை. மெனுவில் ஐந்தாறு பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இத்தாலியர்களே எல்லா நாளும் அப்படிச் சாப்பிடுவதில்லை. வரிசை இதுதான்: முதலில் அன்டிபாஸ்தோ, பசியைத் தூண்டும் சின்னத் தட்டு. அடுத்து ப்ரீமோ, அதாவது பாஸ்தா, ரிசொட்டோ (குழைவான அரிசி உணவு) அல்லது சூப். பிறகு செகொந்தோ, இறைச்சி அல்லது மீன். கடைசியில் தோல்ச்சே, இனிப்பு. செகொந்தோவுடன் காய்கறி தானாக வராது. இறைச்சித் துண்டு மட்டும் தட்டில் தனியே வந்து நிற்கும். காய்கறி வேண்டுமென்றால் ‘கொந்தோர்னோ’ பகுதியிலிருந்து தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குத் தனி விலை.

இருவருக்கு இப்படிச் சொன்னால் போதும்: இருவரும் பகிர்ந்துகொள்ள ஒரு அன்டிபாஸ்தோ, ஆளுக்கொரு ப்ரீமோ, நடுவில் வைத்துக்கொள்ள ஒரு செகொந்தோ, ஒரு கொந்தோர்னோ, பிறகு இனிப்பு. ஒரு தட்டு பாஸ்தா என்பது உலர்ந்த எடையில் 80 முதல் 100 கிராம். அதன் பின்னும் செகொந்தோ இருப்பதால்தான் இந்த அளவு. ‘கொஞ்சமாக இருக்கிறதே’ என்று இரண்டு தட்டு வாங்கினால் இனிப்புக்கு இடம் இருக்காது. ரிசொட்டோ கேட்டால், அரிசி வேகவே 16 முதல் 18 நிமிடம் ஆகும். பல இடங்களில் குறைந்தது இருவர் கேட்டால்தான் செய்வார்கள். மெனுவில் ‘மினிமோ 2 பெர்ஸோனே’ என்று இருக்கிறதா பாருங்கள்.

இரவுச் சமையல் பெரும்பாலும் 7.30-க்குத்தான் தொடங்கும். 6 மணிக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும். முன்பதிவு செய்யும்போதே திருமண நாள் என்று சொல்லிவிடுங்கள். நல்ல மூலையாகப் பார்த்துத் தருவார்கள். பழைய வழக்கத்தில் மேசை ஒருமுறை உங்களுக்கு என்றால் அந்த இரவு முழுக்க உங்களுக்குத்தான். ஆனால் கூட்டம் அதிகமான ஊர்களில் சில உணவகங்கள் ஒரே மேசையை இரண்டு சுற்றாகக் கொடுக்கின்றன. 7.30 சுற்றில் உட்கார்ந்தால் 9.30-க்கு எழ வேண்டியிருக்கும். விசேஷ நாளுக்கு இரண்டாவது சுற்றையே கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் விடுமுறை இருக்கும். அங்கே கோடை விடுமுறை நாளான ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் பல கடைகள் மூடியே கிடக்கும்.

கேள்வி: மெனுவில் மாட்டிறைச்சி ஸ்டேக் 6 யூரோ என்று இருந்தது. பில்லில் 78 யூரோ! இது ஏமாற்று இல்லையா?

பதில்: இல்லை. விலைக்குப் பக்கத்தில் ‘எல்’எத்தோ’ என்று சிறிய எழுத்தில் இருந்திருக்கும். எத்தோ என்றால் 100 கிராம். ஃபிளாரன்ஸின் புகழ்பெற்ற ‘பிஸ்தெக்கா அல்லா ஃபியோரென்தீனா’ எலும்போடு, பச்சை இறைச்சியின் எடைக்கு விற்கப்படுவது. 1.3 கிலோ என்றால் 13 எத்தோ. ஆறு பதின்மூன்று எழுபத்தெட்டு. கணக்கு சரிதான். சுடுவதற்கு முன் துண்டைக் கொண்டுவந்து காட்டி எடை சொல்வார்கள். ‘இன்னும் சிறியது போதும்’ என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான், தலையாட்டிவிட்டால் முடிந்தது. மூன்று விரல் தடிமனில் வெட்டி, உள்ளே சிவப்பாகவே விடுவார்கள். முழுக்க வேகவைக்கச் சொன்னால் சமையல்காரர் முகம் சுளிப்பார், மறுக்கவும் செய்வார். நன்றாக வெந்ததுதான் பிடிக்கும் என்றால் வேறு உணவு கேட்பது நல்லது.

முழு மீனுக்கும் இதே எத்தோ கணக்குதான். இலையுதிர் காலத்தில் வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த காளான்) சீவித் தருவதாகச் சொன்னால், ஒரு கிராம் என்ன விலை என்று கேட்ட பிறகு தலையாட்டுங்கள். அச்சிட்ட மெனுவில் இல்லாமல் பணியாளர் வாயால் சொல்லும் எந்த உணவுக்கும் விலை கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பாஸ்தா என்றால் பயமில்லையே?

பதில்: பயம் உண்டு, பல இடங்களில். தாலியத்தெல்லே, பப்பார்தெல்லே போன்ற புதுப் பாஸ்தாக்களில் பெரும்பாலும் முட்டை சேரும். உலர்ந்த ஸ்பகெட்டி, பென்னே இரண்டும் பொதுவாக ரவையும் தண்ணீரும் மட்டுமே. ஆக, ‘பாஸ்தா செக்கா’ என்று கேளுங்கள். உலர்ந்த பாஸ்தா என்று பொருள்.

அடுத்த சிக்கல் பாலாடைக்கட்டி. பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைக்கப்படுவது. பெகோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். இது உங்களுக்கு ஆகாதென்றால் ‘சென்ட்சா ஃபொர்மாஜ்ஜோ’ (சீஸ் இல்லாமல்) என்று சொல்ல வேண்டும். புத்தனெஸ்கா சாஸில் நெத்திலி இருக்கும். மிலானோ ரிசொட்டோவில் மாட்டு எலும்பு மஜ்ஜையும் இறைச்சிச் சாறும். இனிப்புகளில், தீராமிசூவில் பச்சை முட்டை, பன்னா கோத்தாவில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். வெறும் காய்கறி சூப்பிலும் பன்றிக்கொழுப்புத் துண்டு ஒளிந்திருக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய விவரத்தை உணவகம் தந்தாக வேண்டும். அதில் முட்டை, மீன், பால் உண்டு. ஆனால் இறைச்சி, ரென்னெட், ஜெலட்டின் மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. அட்டவணையை மட்டும் நம்பாமல் வாய்விட்டுக் கேளுங்கள்: ‘சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷ்ஷே, சென்ட்சா ப்ரோதோ தி கார்னே, சென்ட்சா உவோவா.’ இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு, முட்டை எதுவும் வேண்டாம் என்று அர்த்தம்.

துணிந்து கேட்கக்கூடியவை: காரமான அர்ராபியாத்தா பென்னே, பூண்டும் எண்ணெயும் சேர்ந்த ஸ்பகெட்டி அல்யோ எ ஒல்யோ, தக்காளியும் பழைய ரொட்டியும் குழைந்த பாப்பா அல் பொமொதோரோ. ஃபஜோலி அல்’உச்செல்லெத்தோ என்ற பெயரில் ‘குட்டிப் பறவை’ இருக்கிறது. தட்டில் இருப்பதோ தக்காளியில் வெந்த மொச்சை போன்ற வெள்ளை பீன்ஸ்தான். ‘பெப்பெரோனி’ என்று கண்டாலும் பீட்சா மேல் போடும் இறைச்சி என்று நினைத்து ஓட வேண்டாம், அங்கே அது குடைமிளகாய்.

கேள்வி: கேக் வாங்கிக்கொண்டு போய் உணவகத்தில் வெட்டலாமா?

பதில்: முன்கூட்டிக் கேட்டால் பல இடங்களில் சம்மதிப்பார்கள். வீட்டில் செய்ததை ஏற்பது அரிது. சுகாதாரப் பொறுப்பு அவர்களுடையது. இனிப்புக் கடையில் வாங்கி ரசீதோடு கொண்டுபோங்கள். தட்டு வைத்துப் பரிமாறத் தலைக்கு ஒரு தொகை வாங்கலாம். பூங்கொத்து என்றால் சாமந்தி மட்டும் வேண்டாம், அங்கே அது கல்லறைப் பூ.

கேள்வி: சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரமாகியும் பில் வரவில்லை. டிப்ஸ் எவ்வளவு?

பதில்: கேட்காமல் பில் வைப்பது உங்களைக் கிளம்பச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்பதால் வைக்கமாட்டார்கள். காப்பி முடிந்ததும் ‘இல் கொன்தோ, பெர் ஃபவோரே’ என்று கேளுங்கள். காப்பி என்றால் சின்னக் கோப்பை எஸ்பிரெஸ்ஸோ, அதுவும் இனிப்புக்குப் பிறகு. சாப்பாட்டுக்குப் பின் கப்புச்சினோ கேட்டால் தருவார்கள், கொஞ்சம் வியப்போடு.

பில்லில் ‘கொபெர்தோ’ என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ இருந்தால் அது ரொட்டிக்கும் மேசைவிரிப்புக்குமான கட்டணம். மெனுவிலேயே எழுதியிருக்க வேண்டும். ரோம் இருக்கும் லாட்சியோ மாகாணத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கொபெர்தோவைத் தடுக்கிறது, அதனால் அங்கே ‘பானே’ என்று ரொட்டிக்கு விலை போடுவார்கள். ரொட்டி வேண்டாமென்றால் கூடை வந்த உடனே திருப்பி அனுப்புங்கள். ‘செர்விட்சியோ’ என்று சதவீதம் போட்டிருந்தால் சேவைக்கட்டணம் அதிலேயே அடங்கிவிட்டது. இல்லையென்றாலும் டிப்ஸ் கட்டாயமில்லை; மனம் நிறைந்தால் சில யூரோ நாணயங்களை மேசையில் விட்டு வரலாம்.