அப்பாவின் ஜீப்பும் போடிமெட்டு வளைவுகளும்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. போடியில் இருக்கிறோம். ஏலக்காய்த் தோட்டம் பூப்பாறை பக்கம், கேரளத்தில். வாரம் மூன்று நாள் ஜீப்பை அவரே ஓட்டிக்கொண்டு போய்வருகிறார். போன மாதம் இறக்கத்தில் தடுப்புச்சுவரில் உரசிவிட்டார். "பனி மூட்டம், அதான்" என்கிறார். வண்டியை விடச் சொன்னால் இரண்டு நாள் முகம் கொடுப்பதில்லை. எப்போது நிறுத்தச் சொல்வது?

பதில்: வயதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள். தோற்றுப்போவீர்கள். நம் சட்டத்தில் வண்டி ஓட்ட மேல்வயது வரம்பு கிடையாது. அவர் வயதில் லைசென்ஸை ஐந்தைந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும், படிவம் 1ஏ-வில் டாக்டர் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கையெழுத்துப் போட்ட டாக்டர் யாரும் அவரோடு போடிமெட்டு மலைப்பாதையில் ஏறியதில்லை.

நீங்கள் ஏறுங்கள். இடப்பக்கம் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் பாருங்கள். அங்கே 17 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு முன் கழுத்தைத் திருப்பி மேலே வண்டி வருகிறதா என்று பார்க்கிறாரா? அகலமாகச் சுற்றி எதிர்ப்பக்கம் போகிறாரா? இறங்கும்போது ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது இத்தனை வருடம் ஓட்டியவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் பஸ்ஸை முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் கவனிக்கிறார் என்றால் அது கவலைப்பட வேண்டிய விஷயம்.

அந்தப் பனியையும் லேசாக விடாதீர்கள். பக்கத்தில் இருந்தவருக்குத் தெரிந்த சுவர் அவருக்கு மட்டும் தெரியவில்லை என்றால் சிக்கல் கண்ணில். கண்புரை இருந்தால் எதிர்வண்டி வெளிச்சம் சிதறி, கண் கூசும். பனியில் அது இன்னும் மோசம். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே பனியாகத்தான் தெரியும். புரைக்கு அறுவை செய்தால் பெரும்பாலும் பார்வை தெளிந்துவிடும், சில வருடங்கள் கூடுதலாகவும் ஓட்டலாம். கண் அழுத்த நோய் அப்படியில்லை. ஓரப்பார்வை மெல்ல மெல்லப் போகும், போனது திரும்பாது. அதனால் எழுத்துப் பலகையோடு நிறுத்தாமல் ஓரப்பார்வைச் சோதனையும் கேளுங்கள்.

சர்க்கரை உண்டா? இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டு, காலையில் சாப்பிடாமல் மலையேறுவது ஆபத்து. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் சாவியைத் தொடக்கூடாது. பாதம் மரத்திருந்தால் பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்றே தெரியாது. இரவில் தூக்க மாத்திரை போடுகிறாரா என்றும் பாருங்கள்.

மயக்கம், வலிப்பு, பழகிய பாதையில் வழி தவறுவது ஆகியவற்றில் ஒன்று நடந்தாலும் அன்றே நிறுத்த வேண்டும். அதில் பேரம் கிடையாது.

இல்லையென்றால் படிப்படியாக விடலாம். முதலில் இரவு, அடுத்து மழையும் பனியும், அப்புறம் மலை. மலையை விட்டால் போடி பஜார் எளிது என்று நினைக்க வேண்டாம். வலப்பக்கம் திரும்பும்போது எதிரே வரும் பைக்கின் வேகத்தைக் கணிப்பது இந்த வயதில் கஷ்டம்.

உங்கள் அப்பாவின் கோபம் ஜீப்புக்காக மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன். சாவி போனால் தோட்டமும் கைவிட்டுப் போகும் என்ற பயம் இருக்கலாம். ஆகவே வேறு வழி செய்துவிட்டுப் பேசுங்கள். தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப் டிரைவர்கள் போடியில் நிறையப் பேர் உண்டு. அப்பாவுக்குப் பிடித்த ஒருவரை வாரத்துக்கு மூன்று நாள் பேசி வையுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவது, வழியில் எங்கே டீ என்பதெல்லாம் அப்பா சொல்படி நடக்கட்டும். மாப்பிள்ளை வாயால் விஷயத்தைச் சொல்ல வைக்காதீர்கள். அப்பா வயதில் தோட்டம் வைத்திருக்கும் யாராவது ஓட்டுவதை விட்டிருந்தால் அவர் சொல்லட்டும்.

சுவரில் உரசிய ஜீப்பை எப்படியும் பட்டறையில் விட வேண்டுமே, அந்த நாட்களில் அந்த டிரைவரை வரச் சொல்லுங்கள்.