கொக்கை விடுங்கள், பையன் முழிப்பைப் பாருங்கள்

கேள்வி: தேரூர் குளத்துக்குப் பக்கத்தில் வீடு. பின்னால் புளியமரம் நிறையக் கொக்குக் கூடு, முற்றமெல்லாம் எச்சம். பறவைகளால் மூளைக்காய்ச்சல் பரவுகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. 6 வயது மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி. போன தடவை மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்தேன். மரத்தை வெட்டிவிடலாமா?

பதில்: மரம் நிற்கட்டும். பையன் கூப்பிட்டால் கண் திறந்து பார்க்கிறானா, பேர் கேட்டால் சொல்கிறானா? காய்ச்சலோடு எழுப்ப முடியாத தூக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, வலிப்பு, கழுத்து விறைப்பு, விடாத வாந்தி என்று எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாதாரணக் காய்ச்சல் பிள்ளை, சூடு தணிந்ததும் எழுந்து உட்கார்ந்து ஏதாவது கேட்கும். சூடு இறங்கியும் மந்தமாகவே கிடந்தால் அதையும் ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள். கையில் சாவி, வாயில் கரண்டி, தண்ணீர் எதுவும் கூடாது.

அந்த மிச்ச சிரப்பை இன்றே கொட்டுங்கள். தண்ணீர் கலந்த சிரப் ஒன்றிரண்டு வாரத்தில் வீரியம் இழந்துவிடும். புதிதானாலும் வைரஸைத் தொடாது. ஒருவேளை பாக்டீரியாவால் வந்த மூளைக்காய்ச்சலாக இருந்தால், அரைகுறை மருந்து நோயை ஆற்றாது, முதுகுத்தண்டு நீரில் கிருமி தெரியாமல் மறைத்துவிடும். கொடுத்ததை டாக்டரிடம் ஒளிக்காதீர்கள்.

கொக்கு விஷயத்தில் வாட்ஸ்அப் சொன்னது பாதி சரி. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் கொக்கு வகைகளில் பெருகும், குஞ்சுகளில் கூடுதலாக. ஆனால் ரத்தத்தில் இருப்பது சில நாள்தான். அந்த நாட்களில் கொக்கைக் கடித்த க்யூலெக்ஸ் கொசு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து உங்களைக் கடித்தால்தான் நோய். எச்சத்தாலோ இறகாலோ வராது. கேரளத்து வெஸ்ட் நைல் காய்ச்சலுக்கும் இதே வழிதான். ஜப்பானிய வைரஸ் தொற்றினாலும் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே மூளைவரை போகும். பக்கத்தில் பன்றிக்கொட்டில் உண்டா? கொக்கைவிட அதுதான் கவனிக்க வேண்டியது. பன்றி ரத்தத்தில் வைரஸ் ஏராளமாகப் பெருகும். மரத்தை வெட்டினால் கொக்கு அடுத்த மரத்துக்குப் போகும், கொசு வயல் தண்ணீரிலேயே இருக்கும். கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றமும்கூட.

க்யூலெக்ஸ் அந்திக்குப் பிறகு கடிப்பது. ஆறு மணிக்கு முன் ஜன்னலை அடையுங்கள், வலைக்குள் படுங்கள். செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் வாயில் நைலான் வலை கட்டுங்கள். இரும்புக் கம்பிவலை நம் கடல்காற்றில் துருப்பிடித்து ஓட்டை விழும். தடுப்பூசி உங்கள் பகுதியில் போடுகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எனக்கு டெங்கு சந்தேகம்தான் அதிகம். அது பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவால் வருவது, பறவைக்குப் பங்கில்லை. ரப்பர் பால் சிரட்டை, தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், எடையில் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம். தலைவலியும் இருப்பதால் இன்றே டாக்டரிடம் காட்டி ரத்தம் பாருங்கள்.