எந்தப் பிழையோடு உட்கார முடியும்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி அறிவியல் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிறப்புப் பிரிவுக்கான படிவத்தை ஆறு வாரத்தில் கொடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு, இணையப் பாதுகாப்பு, கணினி அமைப்புகள் என மூன்று பிரிவுகள். நண்பர்கள் பலரும் முதலாவதை எடுக்கிறார்கள். எனக்கு நிரல் எழுதப் பிடிக்கும், கணக்கு சுமார்தான். எதை வைத்து முடிவெடுப்பது?

ம.

அன்புள்ள ம.,

பிரிவின் பெயரை ஒதுக்கிவிட்டு அதன் கீழுள்ள பாடங்களைப் பாருங்கள். சிறப்புப் பிரிவு என்பது பெரும்பாலும் நான்கைந்து விருப்பப் பாடங்கள்தான். தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், வலைப்பின்னல், தரவுத்தளம் எல்லாம் எதை எடுத்தாலும் படித்தாக வேண்டியவை. பிரிவுக்குப் பிரிவு உண்மையில் மாறுவது, மாலை முழுக்க உட்கார்ந்து எந்த மாதிரிப் பிழையைத் தேடப்போகிறீர்கள் என்பது. ஆறு வாரம், மூன்று பிரிவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுக்கு, கையெழுத்து இலக்கங்களின் எம்னிஸ்ட் தொகுப்பு போதும். பயிற்சிக்கு 60,000 படங்கள், சோதனைக்கு 10,000. ஒவ்வொரு படமும் 28-க்கு 28, அதாவது 784 எண்கள். பைத்தான் மொழியில், எண் அணிகளைக் கையாளும் நம்பை (NumPy) தவிர வேறு நூலகம் வேண்டாம். ஒரே ஒரு மறை அடுக்கு கொண்ட நரம்பு வலையை எழுதி, பின்பரவலை (வெளியீட்டின் பிழையிலிருந்து பின்னோக்கிப் போய், வலையின் ஒவ்வொரு எடையையும் எந்தப் பக்கம் மாற்றுவது என்று காண்பதை) நீங்களே கணக்கிடுங்கள். அது சரிதானா என்று பார்க்க வழி உண்டு: ஓர் எடையை 0.00001 கூட்டி ஒருமுறை, குறைத்து ஒருமுறை இழப்பை (வலையின் விடை எவ்வளவு தவறு என்ற அளவை) கணக்கிட்டு, வித்தியாசத்தை 0.00002-ஆல் வகுங்கள். உங்கள் சூத்திரம் தரும் சரிவோடு இது ஒத்துப்போக வேண்டும். கற்றல் வேகம் (ஒவ்வொரு படியிலும் எடைகளை மாற்றும் அளவு) கூடிவிட்டால் இழப்பு தாறுமாறாக ஏறும். அந்தப் பிழை கண்ணுக்குத் தெரிவதால் பயமில்லை. சோதனைப் படங்கள் பயிற்சிக்குள் கலந்துவிட்டால்தான் ஆபத்து. நிரல் ஒழுங்காக ஓடும், துல்லியமும் அழகாக வரும், ஆனால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. இப்படி எண்களை ஓயாமல் சந்தேகிப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கு சுமார் என்கிறீர்கள், எந்தக் கணக்கு? இங்கே முதலில் வேண்டியவை அணிப் பெருக்கல், வகையீட்டின் சங்கிலி விதி, நிபந்தனை நிகழ்தகவு. எந்த எண்ணையும் 0-க்கும் 1-க்கும் இடையே கொண்டுவரும் சிக்மாய்டு சார்பின் வகைக்கெழுவைத் தாளில் வருவித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. அந்த ஒரு மணி நேரமே பாரமாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

கணினி அமைப்புகளுக்கு, எம்.ஐ.டி.யில் கற்பித்தலுக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தில் புதிய அமைப்பு அழைப்பு (நிரல் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் வழி) ஒன்றைச் சேருங்கள். அடுத்து, சி மொழியில் இரண்டு இழைகள் (ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைகள்) ஒரே எண்ணியைப் பூட்டு இல்லாமல் ஆளுக்குப் பத்து லட்சம் முறை கூட்டட்டும். இருபது லட்சம் வர வேண்டிய இடத்தில் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு எண். படிப்பது, கூட்டுவது, எழுதுவது என்ற மூன்று படிகளுக்கு நடுவே மற்ற இழை புகுந்துவிடுகிறது. கம்பைலரின் மேம்படுத்தலை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் அது சுழற்சியையே ஒற்றைக் கூட்டலாகச் சுருக்கிவிடலாம், பிழையும் கண்ணில் படாது. பெரிய நிரல்களிலும் இதுதான் கதை: நடப்பதைப் பார்க்க ஓர் அச்சு வரி சேர்த்தால் நேரக்கணக்கு மாறி, பிழை ஒளிந்துகொள்ளும்.

இணையப் பாதுகாப்பு இதன்மேல் நிற்பது. 64 பைட் இடத்தில் 200 பைட் எழுதினால் திரும்பு முகவரி (சார்பு முடிந்ததும் நிரல் எங்கே திரும்ப வேண்டும் என்ற குறிப்பு) எப்படி அழிகிறது என்பதை அசெம்பிளியில் பின்தொடருங்கள். உங்கள் சொந்த மெய்நிகர் இயந்திரத்துக்குள் மட்டும் செய்யுங்கள். அடுக்குக் காவலையும் (திரும்பு முகவரி அழிக்கப்பட்டதைக் கண்டுபிடிக்கும் சோதனை மதிப்பு) முகவரிக் குலுக்கலையும் (நினைவக இடங்களை ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றுவது) முதலில் அணைத்து, பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு, எது எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். உங்கள் துறையின் பாதுகாப்புப் பாடங்கள் ஆயத்தக் கருவிகளை ஓட்டுவதோடு நின்றுவிடுமானால், அந்தப் பிரிவை எடுக்காதீர்கள். அமைப்புகளை எடுத்து, பாதுகாப்பில் ஒரு பாடம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. சில விருப்பப் பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். இறுதியாண்டில் எடுக்க விரும்பும் பாடத்திலிருந்து பின்னோக்கி முன்தேவைகளை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒன்று தவறினாலும் சங்கிலி ஓராண்டு தள்ளிப்போகும். மூத்த மாணவர்களிடம் சென்ற ஆண்டு ஒப்படைப்புகளையும் கேட்டு வாங்குங்கள், பாடத்திட்டத்தில் தெரியாதது அதில் தெரியும்.

நிரல் எழுதப் பிடிக்கும் என்று நீங்கள் சொன்னதை வைத்து என் மனம் அமைப்புகள் பக்கம் சாய்கிறது. ஆனாலும் முதல் இரண்டு வாரம் எம்னிஸ்டுக்கே கொடுங்கள். கணக்கைப் பற்றிய தயக்கம் நிஜமா, வெறும் பழக்கமா என்பது அங்கேதான் தெரியும்.