பால்சா கிளைடர் இடப்பக்கம் சுருண்டு விழுவது

உங்கள் பால்சா மரக் கிளைடர் (இன்ஜின் இல்லாத மாதிரி விமானம்) கையால் விட்டதும் கொஞ்ச தூரம் போய் இடப்பக்கமாகச் சுருண்டு விழுகிறது, மூக்கில் களிமண் எவ்வளவு ஒட்டினாலும் மாறவில்லை என்கிறீர்கள். களிமண்ணை விடுங்கள், இது இறக்கையில் உள்ள முறுக்கு. இறக்கைச் சட்டத்தின் மேல் டிஷ்யூ தாள் ஒட்டி டோப் (தாளை இறுக்கும் பூச்சு) பூசினீர்கள் அல்லவா, அது காயக் காயத் தாள் இறுகி மெல்லிய பால்சா சட்டத்தை இழுத்து முறுக்கிவிடும். இறக்கையைப் பின்னாலிருந்து கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள், இடது நுனியில் பின்விளிம்பு வலதைவிட மேலே தூக்கியிருந்தால் அதுதான் காரணம், அந்தப் பக்கம் தூக்குவிசை குறைகிறது.

கெட்டிலின் ஆவியில் சில நொடி காட்டி, எதிர்த்திசையில் தேவைக்குச் சற்று அதிகமாகவே முறுக்கி, ஆறும்வரை அப்படியே பிடியுங்கள். ஆவியில் விரலைச் சுட்டுக்கொள்ள வேண்டாம்! இரண்டு நுனியிலும் ஒரே அளவு லேசாகத் தூக்கியிருந்தால் அதைத் தொடாதீர்கள், ஸ்டால் ஆகும்போது, அதாவது மூக்கு அதிகம் தூக்கி இறக்கை தூக்குவிசையை இழக்கும்போது, அதுதான் காப்பாற்றும்.

அப்புறம் சமநிலைப்புள்ளி, அதாவது விரல் நுனியில் தாங்கினால் கிளைடர் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும் இடம். வரைபடத்தில் குறித்திருந்தால் அதே இடம், இல்லாவிட்டால் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள இறக்கை அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. காற்று அடங்கிய நேரத்தில், புல்தரை மேல், மூக்கு துளி கீழே இருக்க மெதுவாகத் தள்ளிவிடுங்கள், வானத்தைப் பார்த்து எறியாதீர்கள். முறுக்கு போகும்வரை வாலில் உள்ள சுக்கானில் (திசை திருப்பும் செங்குத்துத் தகடு) கை வைக்க வேண்டாம்.