ட்ரெய்லரைப் பார்த்ததுலேர்ந்து தூக்கமே வரல அக்கா!

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 36. திண்டுக்கல் பக்கம், பேங்க்ல கிளார்க்கா இருக்கேன், ரெண்டு பசங்க. போன வாரம் ஒரு லவ் படத்தோட ட்ரெய்லர் வந்துச்சு, படத்து பேரை மேல எழுதியிருக்கேன். அன்னைலேர்ந்து நான் நானா இல்ல. பசங்க தூங்குனதுக்கப்புறம் இயர்போன் மாட்டிக்கிட்டு திரும்பத் திரும்ப அதையே பாக்குறேன். பல வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் ஒரு பஸ் ஸ்டாண்ட்ல மழைக்கு ஒதுங்குறாங்க, மியூசிக் டக்குனு நின்னுடும், அவ கண்ணாடிய கழட்டி முந்தானைல துடைப்பா, அவன் வேற எதுவுமே பேசாம "சாப்டியா?"ன்னு மட்டும் கேப்பான். அந்த இடத்துல ஒவ்வொரு தடவையும் எனக்கு கண்ணு கலங்கிடுது. வீட்டுக்காரர் "ட்ரெய்லர்னா எல்லாம் நல்லாத்தான் இருக்கும், படம் மொக்கையா இருக்கும் பாரு"ன்னு சிரிக்கிறார். சித்தி பொண்ணு வேற, கிளைமாக்ஸ்ல ஹீரோயின் செத்துடுவா, ட்ரெய்லர்லயே க்ளூ இருக்குன்னு யாரோ போட்ட ரீல்ஸை குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல அனுப்பிட்டா, அன்னைக்குப் பூரா மனசே சரியில்ல. இந்த வயசுல இப்படி இருக்குறது தப்பா அக்கா? படம் நல்லா இல்லாம போயிட்டா என்ன பண்றதுன்னும் பயமா இருக்கு. முதல் நாளே போகணும்னு ஆசை, அவர் வரமாட்டார், தனியா போலாமா?
பெயர் வேண்டாம்

பதில்: அன்புத் தங்கச்சிக்கு, படத்து பேரை நான் எடுத்துட்டேன்மா, இன்னும் வராத படத்தைப் பத்தி இந்தப் பக்கத்துல நல்லதும் கெட்டதும் நான் சொல்லக்கூடாது. ஆனா ட்ரெய்லரைப் பார்த்தேன். நீங்க இவ்ளோ ஆசையா எழுதினதுக்கப்புறம் பாக்காம எப்படி இருக்க முடியும், அந்த பஸ் ஸ்டாண்ட் ஷாட் வந்ததும் நானும் நிமிர்ந்துதான் உக்காந்தேன்.

முதல்ல இந்த வயசு பேச்சை விட்டுடலாம். காதல் படம் காலேஜ் பசங்களுக்குத்தான்னு யார் சொன்னா? 2018ல 96 வந்தப்போ அதுல பேசினதே ஸ்கூல்ல பிரிஞ்சு இருபது வருஷத்துக்கு மேல கழிச்சு ஒரு ரீயூனியன்ல பாத்துக்கிற ரெண்டு பேரைப் பத்தித்தான். தியேட்டர்ல கர்ச்சீப்பை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தவங்கள்ல நரை எட்டிப் பாத்தவங்க எத்தனை பேர்! கல்யாணம் ஆயி குழந்தை குட்டின்னு ஆனவங்களுக்குத்தான் "இத்தனை வருஷம் கழிச்சு"ன்னு ஒரு வரி வந்தா அது எங்க போய் குத்துதுன்னு தெரியும், இருபது வயசுல அது ஒரு டயலாக் அவ்ளோதான். ஹீரோவைப் பாத்து கண்ணு கலங்குறது வீட்டுக்காரருக்கு செய்யற துரோகமும் இல்ல, நீங்க அந்த வார்த்தையை எழுதல, ஆனா "தப்பா அக்கா"ன்னு கேட்டதுக்குள்ள அதுதான் ஒளிஞ்சிருக்குன்னு எனக்குப் பட்டுச்சு, அதனால சொல்றேன், அந்த பயமே வேண்டாம்.

ட்ரெய்லருக்கே இப்படியான்னு சிரிக்கிறாங்களே, நம்ம ஊர்ல படம் வர்றதுக்கு முன்னாடியே அதை நேசிக்கிறது இன்னைக்கு நேத்து பழக்கமா? யூடியூப் வர்றதுக்கு முன்னாடி நமக்கு ட்ரெய்லரே கேசட்தான். படம் வர்றதுக்கு வாரக்கணக்கா முன்னாடி பாட்டு வந்துடும், கேசட் அட்டைல இருக்கற தம்மாத்தூண்டு போட்டோவைப் பாத்துக்கிட்டே, இந்தப் பாட்டு எங்க வரும், அவ எந்தக் கலர் தாவணி கட்டியிருப்பான்னு நாமளே ஒரு படம் ஓட்டிடுவோம். ரேடியோல வசனமும் பாட்டும் கலந்து விளம்பரம் போடுவாங்க, அதுக்காக அடுப்பை சிம்ல வெச்சுட்டு வந்து நின்ன அம்மாக்கள் எத்தனை பேர். அவங்களை யாரும் பைத்தியம்னு சொல்லல.

காத்திருக்கிறதுன்னதும் எனக்கு எனை நோக்கி பாயும் தோட்டாதான் ஞாபகம் வருது. 2017 ஆரம்பத்துல "மறுவார்த்தை பேசாதே" வந்துச்சு, தாமரை வரிகள், சித் ஸ்ரீராம் குரல், மியூசிக் யாருன்னு சொல்லவே இல்ல, மிஸ்டர் எக்ஸ்னு மட்டும் போட்டாங்க, அது தர்புகா சிவான்னு அப்புறம்தான் சொன்னாங்க. ஊரே அந்தப் பாட்டைத்தான் ரிங்டோனா வெச்சிருந்துச்சு. படம் எப்ப வந்துச்சு? 2019 நவம்பர் 29. கிட்டத்தட்ட மூணு வருஷம்! வந்தப்போ சிலருக்குப் பிடிச்சுது, நிறைய பேருக்கு "இதுக்கா இவ்ளோ நாள் காத்திருந்தோம்"னு ஆயிடுச்சு. ஆனா ஒண்ணு பாருங்க, நைட் டூட்டி முடிஞ்சு பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து அந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டே வந்தவங்ககிட்டேர்ந்து அந்த மூணு வருஷத்தை யாராவது புடுங்க முடிஞ்சுதா? படம் எப்படி இருந்தாலும் அந்த சந்தோஷம் அவங்க ஏற்கனவே அனுபவிச்சு முடிச்சது. உங்க இந்த ராத்திரிகளும் அப்படித்தான்மா. படம் நல்லா இருந்தாத்தான் இந்த சந்தோஷம் செல்லும்னு எந்தக் கணக்கும் கிடையாது.

வீட்டுக்காரர் சொன்னதுல பாதி நெஜம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ட்ரெய்லர் வேற வேலை, படம் வேற வேலை. நிறைய படத்துக்கு ட்ரெய்லர் கட் பண்றதுக்குன்னே தனியா ஆள் இருக்காங்க. ரெண்டரை மணி நேரத்துலேர்ந்து எந்த பார்வை, எந்த மழை, எந்த மௌனம் உங்களை டிக்கெட் எடுக்க வைக்கும்னு பாத்துப் பாத்து பொறுக்குறதுதான் அவங்க வேலை. அந்த பஸ் ஸ்டாண்ட்ல மியூசிக் நிக்குது பாருங்க, படத்துல அதே சீன்ல பின்னாடி ஒரு முழுப் பாட்டே ஓடலாம், இல்ல அந்த "சாப்டியா" கேக்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் அவங்க சண்டை போட்டிருக்கலாம், சில நேரம் ட்ரெய்லர்ல இருக்கற ஷாட்டு படத்துலயே இருக்காது. இது கோர்ட்டு வரைக்கும் போன விஷயம் தெரியுமா? 2016ல ஷாருக் கான் நடிச்ச ஃபேன் படத்துக்கு ஒரு பாட்டைப் போட்டுத்தான் டிவில விளம்பரம் பண்ணாங்க, மகாராஷ்டிராவுல ஒரு டீச்சர் குடும்பத்தோட போய்ப் பாத்தா படத்துல அந்தப் பாட்டே இல்ல, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. மாநில ஆணையம் 10,000 ரூபா நஷ்ட ஈடும் 5,000 ரூபா செலவும் குடுக்கச் சொல்லுச்சு, தேசிய ஆணையமும் அதுதான் சரின்னுச்சு, கடைசில 2024 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு, விளம்பரத்துக்குப் போடற ட்ரெய்லர் ஒப்பந்தம் கிடையாது, அதுல வர்றதெல்லாம் படத்துல இருந்தாகணும்னு இல்லன்னு. சட்டம் அப்படி. ஆனா அந்த டீச்சர் எவ்ளோ ஆசைப்பட்டிருந்தா கேஸ் வரைக்கும் போயிருப்பாங்கன்னு நெனச்சா எனக்கு அவங்க மேல மரியாதைதான் வருது.

சரி, படம் மொக்கையா போயிட்டா என்ன பண்றது? இதுக்குத்தான் உங்ககிட்ட கொஞ்சம் கண்டிப்பா ஒண்ணு சொல்லப்போறேன். ட்ரெய்லர் பாக்குறதை இன்னையோட நிறுத்துங்க. தப்புன்னு சொல்லல, நீங்க பாத்துப் பாத்து உங்க மனசுக்குள்ள ஒரு முழுப் படத்தையே எடுத்து முடிச்சுட்டு இருக்கீங்க. அவங்க ஏன் பிரிஞ்சாங்க, அவளுக்கு கல்யாணம் ஆச்சா, அந்த மழை விட்டதுக்கப்புறம் எங்க போனாங்க, இதெல்லாம் உங்களுக்கு இப்பவே "தெரியும்", சரிதானே? தியேட்டர்ல டைரக்டர் எடுத்த படம் உங்க படத்தோட போட்டி போடப் போகுது, அதுல ஜெயிக்க எந்த டைரக்டராலயும் முடியாது. அதனால ஒரு நோட்டை எடுத்து உங்க மனசுல ஓடற கதையை எழுதி வெச்சுடுங்க, கோர்வையா வரணும்னு இல்ல, இஷ்டத்துக்கு எழுதுங்க. அது உங்க படம். தியேட்டர்ல பாக்கப்போறது அவங்க படம். ரெண்டும் தனித்தனியா இருந்தா ஒண்ணு இன்னொண்ணைக் கெடுக்காது, எனக்கு இதுல நெறைய நம்பிக்கை இருக்கு. ரிலீஸ் வரைக்கும் பாட்டு மட்டும் கேளுங்க, போதும்.

அந்த ரீல்ஸ் விஷயம், அதை நெனச்சு ஒரு நாளை வீணாக்கினீங்களேன்னு எனக்கு வருத்தமா இருக்கு. ட்ரெய்லரை ஃப்ரேம் ஃப்ரேமா நிறுத்தி சிவப்பு வட்டம் போட்டு கிளைமாக்ஸ் சொல்றவங்களுக்கு நெஜமாவே ஒண்ணும் தெரியாது. விண்ணைத்தாண்டி வருவாயாவை எடுத்துக்கோங்க, 2010 பிப்ரவரி 26ல தமிழ்ல சிம்பு த்ரிஷா, அதே நாள் தெலுங்குல ஏ மாய சேசாவேன்னு நாக சைதன்யா சமந்தா, டைரக்டர் ஒருத்தர்தான், கதை ஒண்ணுதான், ரெண்டுலயும் ரஹ்மான்தான். தமிழ்ல சேரல, தெலுங்குல சேர்ந்துட்டாங்க. கதையே ஒண்ணா இருந்தும் முடிவு வேற வேற, இதுல ரெண்டு நிமிஷ ட்ரெய்லரை வெச்சுக்கிட்டு யார் என்ன சொல்லிட முடியும்? அப்படியே அந்த ரீல்ஸ் உண்மையாவே இருந்தாலும் என்ன, டைட்டானிக் கப்பல் முழுகும்னு தெரிஞ்சுதானே எல்லாரும் போனாங்க. காதல் படத்துல என்ன நடக்குதுங்கறதை விட அது நடக்கும்போது அவங்க மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாக்கத்தான் நாம போறோம். குரூப்பை ரிலீஸ் வரைக்கும் மியூட்ல போடுங்க, சித்தி பொண்ணு மேல கோவம் வேண்டாம், அவளும் ஆர்வத்துல அனுப்பினதுதான்.

இப்ப அந்த "சாப்டியா"வுக்கு வரேன். உங்க முழு லெட்டரை இங்க போட இடம் இல்ல, ஆனா நான் ரெண்டு தடவை படிச்சேன். காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு நாலு டிபன் பாக்ஸ் கட்டறதை எழுதியிருந்தீங்க, மாமியாருக்கு சுகர் இருக்கறதால தனியா செய்யறதை எழுதியிருந்தீங்க, மத்தியானம் கவுண்டர்ல கூட்டம் குறையறப்ப மணி மூணாயிடும்னு எழுதியிருந்தீங்க. வீட்ல எல்லாரையும் சாப்டியா சாப்டியான்னு கேக்குறது நீங்க. உங்களை யார் கேக்குறாங்க? அந்த நடிகர் அழகா இருக்கார், மியூசிக் நல்லா இருக்கு, எல்லாம் சரிதான், ஆனா கண்ணு கலங்குறது அவருக்காக இல்லமா, அந்தக் கேள்விக்காக. பெரிய பெரிய காதல் வசனம் வந்தப்போ நீங்க அழுததா எழுதலையே, இந்த ஒரு இடத்துலதானே. இதை உங்க வீட்டுக்காரர் மேல குறையா நான் சொல்லல, நம்ம வீடுகள்ல ஆம்பளைங்களுக்கு அதைக் கேக்கணும்னு யாரும் சொல்லிக் குடுக்கறதே இல்ல, சமைச்சவ சாப்பிட்டிருப்பான்னு அவங்களே நெனச்சுக்கறாங்க. நீங்க இயர்போன் மாட்டிக்கிட்டு ஒளிஞ்சு பாக்குறதால அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் "என் பொண்டாட்டிக்கு ஒரு ட்ரெய்லர் பிடிச்சிருக்கு" மட்டும்தான், அதான் சிரிக்கிறார். ஒரு நாள் ராத்திரி பசங்க தூங்குனதும் இயர்போனை கழட்டி வெச்சுட்டு, அந்த ஒரு இடத்தை மட்டும் அவருக்குப் போட்டுக் காட்டுங்க. போட்டுட்டு, "இந்த இடத்துல எனக்கு அழுகை வருது, ஏன்னா என்னை யாரும் இப்படி கேக்குறதில்ல"ன்னு சொல்லிடுங்க. சண்டையா வேண்டாம், சும்மா சொல்லுங்க. அவர் உடனே மாறிடுவார்னு நான் சொல்லமாட்டேன், சில பேருக்கு அப்போதைக்கு என்ன பேசறதுன்னே தெரியாது, எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போயிடுவாங்க. ஆனா காதுல விழுந்துடும். அவர் சிரிச்சார்னு எழுதினீங்களே தவிர திட்டினார்னு எழுதல, அதனால எனக்கு நம்பிக்கை இருக்கு. இன்னொண்ணும் இருக்கு, அவர் கேக்கட்டும்னு காத்துக்கிட்டு மூணு மணி வரைக்கும் பட்டினியா இருக்காதீங்க, ஒண்ணரைக்கு பக்கத்து சீட்ல இருக்கறவங்ககிட்ட கவுண்டரைக் குடுத்துட்டு எந்திரிச்சு போய் சாப்பிடுங்க.

தனியா போலாமான்னு கேட்டீங்க. தாராளமா போலாம். இப்ப நம்ம தமிழ்நாட்டுல விடிகாலை ஷோ எல்லாம் இல்ல, பெரிய ஸ்டார் படத்துக்கே காலைல 9 மணிக்குத்தான் முதல் காட்சி, அதனால பசங்களை ஸ்கூல்ல விட்டுட்டே போயிட்டு மூணு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம். வெள்ளிக்கிழமை லீவு கிடைக்கலன்னா அதுக்காக மேனேஜர்கிட்ட மல்லுக்கட்ட வேண்டாம், ரிலீஸ் ரெண்டாவது சனிக்கிழமையை ஒட்டி வந்தா உங்களுக்கு பேங்கே லீவுதான். காலைக் காட்சியா பாருங்க, பொம்பளைங்க தனியா வர்றது இப்ப சகஜம், நடு வரிசைல ஓரமா ஒரு சீட்டு, பக்கத்துல குடும்பமா உக்காந்தவங்க இருந்தா இன்னும் நல்லது. அழுகை வந்தா அழுங்க, தியேட்டர்ல இருட்டுதானே. படம் முடிஞ்சதும் வெளில வந்து உடனே போனை எடுத்து விமர்சனம் பாக்காதீங்க, யாரோ அஞ்சுக்கு ரெண்டுன்னு போட்டிருந்தா நீங்க சிரிச்ச இடம் கூட கசந்துடும். உங்களுக்குப் பிடிச்சுதா இல்லையான்னு வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் நீங்களே யோசிங்க, பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்ற உரிமையும் உங்களுக்கு இருக்கு, காசு குடுத்திருக்கீங்க.

அவர்கிட்ட அந்த சீனைக் காட்டினதுக்கப்புறம் "நானும் வரேன்"னு சொன்னாலும் சொல்லுவார். அதனால டிக்கெட் ஒண்ணா ரெண்டான்னு ரிலீஸ் வாரம் செவ்வாய்க்கிழமையே முடிவு பண்ணிடுங்கமா, புக்கிங் ஓப்பன் ஆனதும் நடு வரிசைதான் முதல்ல போகும்.